பட்ஜெட் பிராண்டின் செகண்ட் ஹேண்ட் ஹைப்ரிட்: ஒரே பணம், மூன்று கார்கள்

கையில் இருக்கும் பணத்துக்கு மூன்று கார்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, விலை குறைவுக்குப் பெயர் போன ஒரு பிராண்டின் ஹைப்ரிட். மூன்று, நான்கு வருடம் ஓடியது. இரண்டாவது, டொயோட்டா அல்லது ஹோண்டாவின் ஹைப்ரிட். எட்டு, ஒன்பது வருடப் பழசு. மூன்றாவது, முதலில் சொன்ன அதே பட்ஜெட் பிராண்டின் சாதாரண பெட்ரோல் கார். இரண்டு, மூன்று வருடம்தான் ஆகியிருக்கிறது.

இதில் எதை எடுப்பது என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் பேட்டரியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் காசு போகும் இடங்களில் பேட்டரி முதலிடத்தில் இல்லை. எந்த வகை ஹைப்ரிட், கியர்பாக்ஸ் யாருடையது, அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா, வாரண்டியில் எவ்வளவு மிச்சம் என்ற நான்கு கேள்விகளும் அதற்கு முன்னால் வரும்.

## பெயரில் ஹைப்ரிட், உள்ளே என்ன?

சுசுகியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பிராண்ட், ஆனால் 'ஹைப்ரிட்' என்று ஒட்டிய ஸ்டிக்கருக்குக் கீழே வெவ்வேறு மெஷின்கள் இருக்கின்றன. எஸ்எச்விஎஸ் என்று பெயரிட்ட 12 வோல்ட் வகையில் ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில் பெல்ட்டால் சுழலும் ஒரு மோட்டார்-ஜெனரேட்டர் இருக்கும். இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், தனியாகச் சக்கரத்தைச் சுழற்றாது. இதுதான் மைல்ட் ஹைப்ரிட். 2020-இல் வந்த 48 வோல்ட் வகையும் மைல்ட்தான், உதவி மட்டும் சற்றுக் கூடுதல். 2022-இல் ஐரோப்பாவில் வந்த விட்டாரா ஃபுல் ஹைப்ரிட் 140 வோல்ட்டில் ஓடுவது. அதில் இருப்பது தானாக கிளட்ச் பிடிக்கும் ஆறு கியர் மேனுவல் பெட்டி. அதே வருடம் இந்தியாவில் வந்த கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட்டின் (ஃபுல் ஹைப்ரிட்டுக்கு இன்னொரு பெயர்) உள்ளே இருப்பது டொயோட்டாவின் அமைப்பு; டொயோட்டா ஹைரைடரும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள். சுசுகி ஸ்வேஸ் என்பது டொயோட்டா கொரோலா எஸ்டேட்டேதான், முன்முகம் மட்டும் வேறு.

ரெனோவின் பட்ஜெட் பிராண்டான டாசியாவிலும் இதே குழப்பம். டஸ்டரில் 'மைல்ட் ஹைப்ரிட் 130' என்று ஒன்று, 'ஹைப்ரிட் 140' என்று ஒன்று. முன்னது 48 வோல்ட் உதவி, பின்னது இன்ஜின் ஓடாமல் மோட்டாரிலேயே நகரக்கூடிய முழு ஹைப்ரிட். 2023-இல் ஓடத் தொடங்கிய ஜாகர் ஹைப்ரிட் 140-க்குள் இருப்பது ரெனோவின் இ-டெக்: 1.6 லிட்டர் இன்ஜின், இரண்டு மோட்டார்கள், 1.2 கிலோவாட்-மணி பேட்டரி. ரெனோ கிளியோவில் 2020-லேயே வந்துவிட்ட அமைப்பு அது. ஆகவே பட்ஜெட் பிராண்டில் சிக்கனம் பிடித்திருப்பது சீட் துணியிலும் ஒலித்தடுப்பிலும்தான். ஓட்டும் மெஷின் பல நேரம் தாய்க் கம்பெனியுடையது அல்லது கூட்டாளிக் கம்பெனியுடையது.

கண்டுபிடிப்பது சுலபம். வண்டியை ஆன் செய்து மெதுவாக நகர்த்துங்கள். இன்ஜின் ஓடாமலே நகர்ந்தால் முழு ஹைப்ரிட். பானெட்டைத் திறந்தால் விரல் தடிமனுக்கு ஆரஞ்சு நிற கேபிள் போகும். ஹை வோல்டேஜ் என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டும் இல்லையென்றால் அது மைல்ட். மைல்ட் ஹைப்ரிட்டைப் பெட்ரோல் கார் என்றே நினைத்து விலை பேசுங்கள். அந்த ஸ்டிக்கருக்காகத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். சில மாடல்களில் சீட்டுக்கு அடியில் உள்ள சின்ன லித்தியம் பேட்டரிக்கு மாற்று விலை என்ன என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## எடை போட வேண்டிய அளவுகோல்கள்

முதலில் பெட்ரோல் கணக்கு. பணத்தில் போடாமல் லிட்டரில் போட்டால் தெளிவாக இருக்கும். வருடம் 15,000 கி.மீ., நெரிசலான ஓட்டம் என்று கொள்வோம். லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் கார் 1,000 லிட்டர் குடிக்கும். 21 கொடுக்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு 714 போதும். மிச்சம் 286 லிட்டர். அதே தூரத்தை நெடுஞ்சாலையில் ஓட்டினால் இடைவெளி சுருங்கிவிடும். 18-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் என்றால் மிச்சம் 83 லிட்டர்தான். மைல்ட் ஹைப்ரிட் 15-ஐ 16 ஆக்கினால் 62 லிட்டர் சொச்சம். இவை கணக்குக்காக வைத்த எண்கள். நீங்கள் பார்க்கும் கார்களின் நிஜ மைலேஜை இதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஹைப்ரிட்டுக்கும் பெட்ரோல் காருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுங்கள். 1,400 என்று வந்தால், நெரிசலில் ஓட்டுகிறவருக்கு ஐந்து வருடத்தில் அசல் திரும்பும். நெடுஞ்சாலைக்காரருக்குப் பதினேழு வருடம் ஆகும். பேட்டரி மாற்ற டீலர் சொல்லும் தொகையையும் இப்படியே லிட்டராக மாற்றிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பயம் நியாயமானதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மைலேஜ் எண்ணில் இன்னொரு ஏமாற்று உண்டு. 15-லிருந்து 21-க்குப் போனால் 286 லிட்டர் மிச்சம். அங்கிருந்து இன்னொரு ஆறு ஏறி 27-க்குப் போனால் 158 லிட்டர்தான். விளம்பரத்தில் பெரிய எண் போட்ட காருக்காக ரொம்பத் தாவ வேண்டியதில்லை.

வாரண்டிதான் பட்ஜெட் ஹைப்ரிட்டின் பெரிய பலம், கூடவே பெரிய குழியும். டாசியாவும் மாருதி சுசுகியும் ஹைப்ரிட் பேட்டரிக்குக் கொடுப்பது 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. நான்கு வருடம் ஓடிய காரில் பாதி மிச்சம் என்று மனம் குளிரும். ஆனால் அது பேட்டரிக்கு மட்டும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், மோட்டார், கியர்பாக்ஸ் ஆகியவை சாதாரண வாரண்டியில் இருந்தால் அது அதற்குள் முடிந்திருக்கலாம். எந்தெந்த பாகம் எந்தத் தேதி வரை என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். சர்வீஸ் ஒன்று தவறியிருந்தால் என்ன ஆகும், இரண்டாவது ஓனருக்கு மாறுமா, வேறு நாட்டிலிருந்து வந்த வண்டிக்குப் பொருந்துமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். டாக்ஸியாக ஓடிய வண்டி என்றால் வருடக் கணக்கைப் பார்த்துப் பயனில்லை, 1,60,000 கி.மீ. அங்கே மூன்றாவது வருடத்திலேயே முடிந்திருக்கலாம்.

மீதி இரண்டும் ஆள் விஷயம், கியர்பாக்ஸ் விஷயம். ஹை வோல்டேஜ் வேலை பழகிய மெக்கானிக் எட்டும் தூரத்தில் இல்லையென்றால், எவ்வளவு நல்ல ஹைப்ரிட்டும் உங்களுக்குச் சுமைதான். கியர்பாக்ஸை ஒவ்வொரு காரிலும் தனித்தனியாகப் பார்ப்போம்.

## பட்ஜெட் பிராண்டின் ஹைப்ரிட், 3–4 வருடம்

கியர்பாக்ஸைப் பொறுத்தவரை இந்த வகைக்குள்ளேயே மூன்று ஜாதி.

டொயோட்டாவின் அமைப்பைக் கடன் வாங்கிய கார்களில் ஒரு பிளானட்டரி கியர் செட்டும் இரண்டு மோட்டார்களும் மட்டுமே. தேய்ந்துபோக கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. செகண்ட் ஹேண்டில் இதைவிடக் கவலை குறைந்த அமைப்பு கிடைப்பது கஷ்டம்.

ரெனோவின் இ-டெக்கில் கிளட்சும் இல்லை, கியர்களின் வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோவும் இல்லை. இன்ஜினுக்கு நான்கு கியர், மோட்டாருக்கு இரண்டு. பற்கள் நேரடியாகக் கோத்துக்கொள்ளும் டாக் கிளட்ச் முறை அது. கோக்கும் முன் வேகத்தைச் சமன் செய்வது சின்ன மோட்டாரின் வேலை. புறப்படுவது எப்போதும் மின்சாரத்தில். நீண்ட ஏற்றத்தில் பேட்டரி இறங்கிவிட்டால் இன்ஜின் உறுமும், பிக்கப் குறையும். அது பழுதில்லை, அமைப்பின் இயல்பு. மலைப்பாதையில் ஆளும் சாமானும் ஏற்றி அடிக்கடி போகிறவருக்கு இது பிடிக்காமல் போகலாம். கியர் மாறும்போது 'டக்' என்று இடித்தாலோ, ஆக்சிலரேட்டர் மிதித்தும் ஒரு நொடி வண்டி யோசித்தாலோதான் சந்தேகப்பட வேண்டும். பிராண்ட் சர்வீஸ் சென்டருக்கு வெளியே இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்பதால், வாரண்டிக்கு வெளியே நின்றால் உங்கள் பாடு திண்டாட்டம்.

மூன்றாவது, சுசுகி 140 வோல்ட் போன்ற ஆட்டோமேட்டிக் மேனுவல். இங்கே சாதாரண கிளட்ச் பிளேட்டே இருக்கிறது. எந்த மேனுவல் காரையும் போலத் தேயும். கியர் மாறும் இடைவெளியை மோட்டார் நிரப்பினாலும் லேசான தயக்கம் தெரியும். டெஸ்ட் டிரைவில் ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். அதிர்ந்தால் கிளட்ச் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் பலவும் சின்னவை. டிக்கியில் பேட்டரி உட்கார்ந்திருப்பதால் ஸ்டெப்னி இல்லாமல் பஞ்சர் கிட் மட்டும் இருக்கலாம். இன்வெர்ட்டருக்குத் தனி கூலன்ட் சுற்று இருந்தால் அதற்குத் தனி மாற்று இடைவெளி. தாய்க் கம்பெனியின் பாகம் அதே பாக எண்ணில் அவர்களுடைய கவுன்டரில் கிடைக்கிறதா என்று பாருங்கள். விலை வேறாக இருந்தால் அதுவும் லாபமே. வாரண்டி கோரிக்கை மட்டும் பேட்ஜில் இருக்கும் பிராண்டிடம்தான் போக வேண்டும்.

## டொயோட்டா, ஹோண்டாவின் பழைய ஹைப்ரிட், 8–9 வருடம்

இவற்றின் நோய்கள் எல்லாம் ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்தவை. அது பெரிய வசதி. வெளி மெக்கானிக்குகள் பழகியிருக்கிறார்கள், பழைய பாகம் கிடைக்கிறது, பேட்டரியை மாட்யூல்களாக, அதாவது உள்ளிருக்கும் சின்னச் சின்ன பகுதிகளாகப் பிரித்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் 'டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்' என்பது சரியில்லை. 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸின் 1.8 லிட்டர் இன்ஜினில் இஜிஆர் கூலர் (இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கரியால் அடைபடும். விளைவாக ஹெட் கேஸ்கெட் போகலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் உலுக்கி எடுப்பதும், லீக் எதுவும் தெரியாமலே கூலன்ட் குறைவதும் அறிகுறி. இஜிஆர் சுத்தம் செய்த பில் இருந்தால் அந்த வண்டிக்குக் கூடுதல் மதிப்பெண். ஹோண்டாவில், 2013-இல் ஃபிட்டிலும் வெசலிலும் வந்த ஏழு கியர் டூயல் கிளட்ச் ஹைப்ரிட் பலமுறை ரீகால் ஆனது. பின்னால் வந்த இ:எச்இவி முற்றிலும் வேறு அமைப்பு. ஒரே மாடல் பெயரில் இரண்டும் இருக்கும் என்பதால் வருடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேட்டரி இங்கேதான் நிஜமான கேள்வி. பிரியஸின் நிக்கல் பேட்டரியில் 28 மாட்யூல்கள். ஒன்று பலவீனமானால் அதை மட்டும் மாற்றித் தருவார்கள். மற்ற 27-ம் அதே வயது என்பதால் சில மாதத்தில் அடுத்தது விழலாம். 'பேட்டரி புதுசு' என்று விற்பவர் சொன்னால் முழு பேக்கா, ஒரு மாட்யூலா என்று பில்லைக் கேளுங்கள். குறைவாக ஓடிய வண்டி என்பதில் மயங்கவும் வேண்டாம். பல மாதம் அசையாமல், அதுவும் சூட்டில் நின்ற பேட்டரி, தினமும் ஓடிய பேட்டரியைவிட மோசமாக இருக்கலாம்.

## அதே பட்ஜெட் பிராண்டின் பெட்ரோல் கார், 2–3 வருடம்

இதில் சொல்ல அதிகம் இல்லை, அதுவே இதன் சிறப்பு. எந்த மெக்கானிக்கும் தொடுவார், முழு வாரண்டியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், டிக்கி முழுசாக இருக்கும். கிளட்ச், பிரேக் பேட் ஹைப்ரிட்டைவிடச் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். சின்ன டர்போ இன்ஜின் என்றால் ஆயில் மாற்றிய தேதிகளை ஒழுங்காகப் பாருங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | பட்ஜெட் ஹைப்ரிட், 3–4 வருடம் | பழைய டொயோட்டா / ஹோண்டா ஹைப்ரிட், 8–9 வருடம் | பட்ஜெட் பெட்ரோல், 2–3 வருடம் |
|---|---|---|---|
| நெரிசலில் பெட்ரோல் மிச்சம் | நன்று | நன்று, பேட்டரி நலமாக இருந்தால் | இல்லை |
| நெடுஞ்சாலையில் மிச்சம் | கொஞ்சம் | கொஞ்சம் | இல்லை |
| பேட்டரி வாரண்டி | பாதி மிச்சம் இருக்கும் | பெரும்பாலும் முடிந்தது | தேவையில்லை |
| வெளி மெக்கானிக் | டொயோட்டா அமைப்பு என்றால் உண்டு, இல்லையேல் அரிது | உண்டு | எங்கும் |
| பெரிய செலவு வரும் இடம் | கியர்பாக்ஸ், இன்வெர்ட்டர் | பேட்டரி, இஜிஆர், பிரேக் யூனிட் | கிளட்ச், டர்போ |
| யாருக்கு | தினமும் நெரிசல், பிராண்ட் சர்வீஸ் அருகில் | நல்ல ஹைப்ரிட் மெக்கானிக் கைவசம் உள்ளவர் | குறைந்த ஓட்டம், நெடுஞ்சாலை |

ரொம்பக் குறைவாக ஓட்டுகிறவர் முதல் இரண்டையும் விட்டுவிடலாம். வருடம் 8,000 கி.மீ.தான் என்றால் நெரிசலில்கூட மிச்சம் 152 லிட்டர். அந்த மிச்சத்துக்காக இன்வெர்ட்டர் பயத்தோடு வாழ வேண்டியதில்லை.

## ஹைப்ரிட்தான் என்று முடிவானால், பார்க்கும் முறை

போகும் முன்னே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: காலையிலிருந்து வண்டியை ஸ்டார்ட் செய்திருக்கக் கூடாது. சூடான இன்ஜின் நிறைய மறைக்கும்.

சாவி போடும் முன் 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 12.6 நலம், 12.2-க்குக் கீழே பலவீனம். ஹைப்ரிட்டில் கம்ப்யூட்டர்களை எழுப்புவது இந்தச் சின்ன பேட்டரிதான். இது சோர்ந்தால் திரையில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரிசையாக வரும். 'ஹைப்ரிட் சிஸ்டம் கோளாறு' என்று பயந்து அடிமாட்டு விலைக்கு விற்கப்படும் வண்டிகளில் சிலவற்றுக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த ஒரு பேட்டரியே. வாங்குகிறவருக்கு அதிர்ஷ்டம்.

பிறகு ஸ்கேனர். எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும் பதிந்த கோளாறு எண்களைப் படியுங்கள். பி0ஏ80 என்றால் பேட்டரி பேக் மாற்றச் சொல்கிறது. டொயோட்டாவின் நிக்கல் பேட்டரியில் பிளாக் (சேர்த்து அளக்கப்படும் மாட்யூல்களின் தொகுப்பு) வோல்டேஜுகளைத் தனித்தனியாகக் காட்டும் ஸ்கேனர் தேவை. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது பிளாக்குகளுக்கு இடையே வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் நின்றால் நலம்; 1 வோல்ட்டைத் தொட்டால் நாள் எண்ணுகிறது. எண்களை எல்லாம் சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்களா என்பதையும் ஸ்கேனர் காட்டிக்கொடுக்கும்: அழித்த பின் ஓடிய தூரம் ஐந்தோ பத்தோ கி.மீ. என்றிருந்தால் காரணம் கேளுங்கள்.

பி0ஏஏ6 என்ற எண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹை வோல்டேஜ் மின்சாரம் பாடிக்குக் கசிகிறது என்று அதற்கு அர்த்தம். வெள்ளத்தில் நின்ற வண்டியில் வரும். ஏசியில் தவறான ஆயில் ஊற்றினாலும் வரும். பெரும்பாலான முழு ஹைப்ரிட்டுகளில் ஏசி கம்ப்ரஸரை ஓட்டுவது ஹை வோல்டேஜ் மோட்டார். அதற்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை ஆயில்தான் போட வேண்டும். சாதாரண கார்களுக்குப் போடும் பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலே இன்சுலேஷன் இறங்கிவிடும். கேஸ் நிரப்புகிற மெஷினின் குழாயில் தங்கியிருந்த ஆயில்கூடப் போதும். பிறகு கம்ப்ரஸரோடு முழு ஏசி சுற்றும் மாற்றும் நிலை வரலாம். ஏசி வேலை செய்த பில் இருந்தால் எங்கே செய்தது, என்ன ஆயில் என்று விடாமல் கேளுங்கள்.

ஓட்டும்போது மூன்று விஷயம். பேட்டரி அளவு முழுசிலிருந்து சில நிமிடத்தில் தரைக்கு இறங்கி, அதே வேகத்தில் ஏறினால் கொள்ளளவு போய்விட்டது. வண்டியை நிறுத்தி ஏசியை ஓட விட்டால், நல்ல பேட்டரி இன்ஜினை எப்போதாவது கொஞ்ச நேரம் எழுப்பும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஆன்-ஆஃப் ஆகக் கூடாது. கடைசியாக, ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுங்கள். டொயோட்டா அமைப்பு, இ-டெக், இ:எச்இவி மூன்றிலும் பின்னோக்கிச் செல்வது மோட்டாரின் பலத்தில்தான். மோட்டார் பக்கம் நலிந்திருந்தால் அங்கே தெரியும்.

பின்சீட் ஓரத்தில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருந்தால் விரலை விட்டுப் பாருங்கள். தூசியும் முடியும் அடைத்திருந்தால் அந்த பேட்டரி சூட்டிலேயே வாழ்ந்திருக்கிறது. சக்கரத்தின் இடைவெளியில் பிரேக் டிஸ்க்கையும் பாருங்கள். வேகத்தைக் குறைக்கும் வேலையை மோட்டார் எடுத்துக்கொள்வதால் பேட் நெடுநாள் வரும். ஆனால் பயன்படாத டிஸ்க் துருப்பிடிக்கும், காலிப்பர் பின் இறுகிவிடும். பேட் தடிமனாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

பிளக்-இன் ஹைப்ரிட் இதே பணத்துக்கு வந்தால், வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இல்லாதவர் பக்கத்திலேயே போக வேண்டாம். பேட்டரி பல மடங்கு பெரிசு, மாற்றுச் செலவும் அப்படியே. வசதி இருப்பவர் முழு சார்ஜில் எத்தனை கி.மீ. மின்சாரத்தில் ஓடுகிறது என்று நேரில் ஓட்டிப் பார்த்து, அது தினப்படி போக்குவரத்துக்குப் போதுமென்றால் மட்டும் பேச்சைத் தொடரலாம்.